எந்த ஜர்னலுக்கு அனுப்புவது? குமரி மாவட்ட ஆய்வாளர்களுக்கு ஓர் ஒப்பீடு

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை வட்டாரக் கல்லூரிகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் பலர், கட்டுரையை முழுதாக எழுதி முடித்த பிறகுதான் ஜர்னல் தேடத் தொடங்குகிறார்கள். வரிசை தலைகீழ். யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரியாமல் முன்னுரை எழுத முடியாது. மணக்குடி அலையாத்திக் காட்டு நண்டுகளைப் பற்றிய கட்டுரை இந்திய இதழுக்குப் போகிறது என்றால், மணக்குடி எங்கே இருக்கிறது என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வரலாம். அதே கட்டுரை உலகம் முழுக்கப் படிக்கும் இதழுக்குப் போகிறது என்றால், அந்தக் கழிமுகம் மற்ற நாட்டுக் கழிமுகங்களோடு எதில் ஒத்துப்போகிறது, எதில் வேறுபடுகிறது என்பதே முதல் பத்தியாக வேண்டும். சொல் எண்ணிக்கை, சுருக்கத்தின் வடிவம், மேற்கோள் முறை எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை. ஆகவே அட்டவணைகளும் படங்களும் தயாரான அன்றே மூன்று இதழ்களின் பெயரை வரிசைப்படுத்தி எழுதி, கைடுடன் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. இந்திய அறிவியல் கழகங்களும் சங்கங்களும் அரசு நிறுவனங்களும் நடத்தும் இதழ்கள். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் சந்தா இதழ்கள். கட்டுரை ஏற்கப்பட்டதும் ஆசிரியர் கட்டணம் கட்டி, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஓப்பன் அக்சஸ் இதழ்கள். சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு சில நாளில் வெளியிடும் இதழ்கள். தமிழில் எழுதுபவர்களின் நிலை தனி, அதைப் பிறகு பார்க்கலாம். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: திட்ட நிதி இல்லாத ஆய்வாளருக்கு முதல் இரண்டு வழிகளே சரி. மூன்றாவது, பணத்தை வேறொருவர் கட்டினால் மட்டும். நான்காவது வேண்டவே வேண்டாம். காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் விதி என்ன சொல்கிறது

எதற்காக வெளியிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும். 2016-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதிமுறை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், துறை வல்லுநர்கள் படித்துச் சோதித்த பிறகே வெளியிடும் மதிப்பாய்வு இதழில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றது. 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறை அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் நிபந்தனை வைத்துக்கொள்ளலாம். குமரி மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்கு எந்த விதி பொருந்தும் என்பதை ஆய்வுப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். சீனியர் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இதழைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வைவா என்ற வாய்மொழித் தேர்வு நெருங்கும்போது "இது கணக்கில் வராது" என்ற பதிலை வாங்குவதுதான் மிகவும் வேதனையான வகை. அந்தக் கட்டத்தில் புதிதாக ஒரு கட்டுரையை வெளியிட ஓர் ஆண்டு ஆகிவிடும்.

ஏற்கத்தக்க இதழ்கள் என்று யு.ஜி.சி. தொகுத்த கேர் பட்டியலைப் பற்றியும் இன்னும் குழப்பம் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கைவிடுவதாக யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. இனி இதழின் தரத்தைச் சோதிக்கும் வேலை அந்தந்த நிறுவனத்தின் தலையில். 'யு.ஜி.சி. கேர் அங்கீகாரம் பெற்றது' என்று இப்போதும் விளம்பரம் செய்யும் இதழைக் கண்டால் அதுவே ஓர் எச்சரிக்கை என்று கொள்ளுங்கள்.

பணி நியமனம், பதவி உயர்வு என்று யோசிப்பவர்களுக்கு ஆசிரியர் நியமனம் பற்றிய யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையின் மதிப்பெண் முறை தெரிந்திருக்க வேண்டும். அறிவியல் துறைகளில் ஒரு கட்டுரைக்கு அடிப்படை 8, மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் 10. அதன் மேல் இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) 1-க்குக் கீழே என்றால் 10, 1 முதல் 2 வரை 15, 2 முதல் 5 வரை 20 என்று கூடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2.1 உள்ள இதழும் 4.8 உள்ள இதழும் ஒரே தட்டில்தான் வருகின்றன. அந்த இடைவெளிக்காக ஓராண்டு அலைவதில் மதிப்பெண் கணக்கில் லாபமில்லை. இரண்டு பேர் எழுதியிருந்தால் இருவருக்கும் 70 சதவீதம். இரண்டு பேருக்கு மேல் போனால் முதல் ஆசிரியருக்கு அல்லது இதழோடு கடிதத் தொடர்பு வைக்கும் ஆசிரியருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. உழைக்காதவர் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பது நெறிப்படியும் தவறு, இந்தக் கணக்கின்படியும் நட்டம்.

இந்திய இதழ்கள்

பெங்களூரில் 1934-இல் தொடங்கிய இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸின் பிரமாணா, சாதனா, ஜர்னல் ஆஃப் எர்த் சிஸ்டம் சயின்ஸ் போன்றவை, 1932 முதல் வெளிவரும் மாதமிருமுறை இதழான கரண்ட் சயின்ஸ், தில்லியில் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் வெளியிடும் மரபறிவு இதழும் கடல் அறிவியல் இதழும், மீன்வளத்துக்கு இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ், கொச்சியிலிருந்து இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் இதழ், களஉயிரியலுக்குக் கோவையிலிருந்து ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா. இந்த வரிசை முழுமையானதல்ல. குமரியில் நடக்கும் ஆய்வுகளுக்கு நெருக்கமானவற்றை மட்டும் சொன்னேன்.

இவற்றின் பெரிய பலம், மதிப்பாய்வு செய்பவருக்கு இடம் தெரியும் என்பது. சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைப் பறவைகள், பேச்சிப்பாறை மலைச்சரிவுத் தாவரங்கள், மட்டி வாழையின் திசு வளர்ப்பு, தேங்காய்ப்பட்டணத்தில் இறங்கும் மீன்களின் கணக்கு, இப்படிப்பட்ட ஆய்வுகளை 'வட்டார முக்கியத்துவம் மட்டுமே உள்ளது' என்று சொல்லி முதல் வாரத்தில் திருப்பி அனுப்ப மாட்டார்கள். விழிஞ்ஞத்திலோ கொச்சியிலோ அதே இனத்தின் மீது வேலை செய்யும் ஒருவர் உங்கள் தரவைக் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகள் கட்டுரையைத் திருத்தும். வெளிநாட்டு இதழின் மதிப்பாய்வில் பல நேரம் மொழியைப் பற்றிய குறைகளே வரும். இங்கே மாதிரி எடுத்த பருவம் சரியா, தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் தனியாகப் பிரித்தீர்களா என்று கேட்பார்கள். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் செய்த ஆய்வுக்கு அது சாதாரணக் கேள்வி அல்ல.

குறைகளும் உண்டு. வேகம் குறைவு. முதல் பதில் வர நாலைந்து மாதம் ஆகலாம், கடிதத்துக்கு மறுமொழியே வராத இதழ்களும் இருக்கின்றன. சில சங்க இதழ்கள் ஆசிரியர்களில் ஒருவராவது உறுப்பினராக இருக்க வேண்டும் என்று கேட்கும். கட்டண விதியும் மாறிக்கொண்டே இருக்கும். அனுப்பும் வாரத்தில் இதழின் 'ஆசிரியர்களுக்கான அறிவுறுத்தல்' பக்கத்தைத் திறந்து அன்றைய நிலையைப் படித்து, அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுச் சந்தா இதழ்கள்

எல்சவியர், ஸ்ப்ரிங்கர், டெய்லர் அண்ட் ஃப்ரான்சிஸ், வைலி ஆகிய பதிப்பகங்களின் பெரும்பாலான பழைய இதழ்கள் 'ஹைப்ரிட்' வகை. கட்டுரையைச் சந்தா வழியில் வெளியிட்டால் ஆசிரியர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. ஓப்பன் அக்சஸ் ஆக்க விரும்பினால் கட்டணம். 'வெளிநாட்டு ஜர்னல் என்றாலே லட்சக்கணக்கில் கேட்பார்கள்' என்ற பேச்சு நம் கல்லூரிகளில் பரவலாக இருக்கிறது. அது மூன்றாவது வழியைப் பார்த்து வந்த பயம்.

இந்த வழிக்குக் கட்டுரையில் பொதுக் கேள்வி ஒன்று வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் கதிர்வீச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 'மணவாளக்குறிச்சியில் இத்தனை இடங்களில் அளந்தோம்' என்றால் அது தரவு அறிக்கை. மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் கலந்த மணலால் இயற்கைக் கதிர்வீச்சு கூடிய கடற்கரைகள் பிரேசிலின் குவாரபாரியிலும் கேரளக் கரையிலும் உண்டு. சீனாவின் யாங்ஜியாங், ஈரானின் ராம்சர் ஆகியவையும் உயர் கதிர்வீச்சுப் பகுதிகளே. அந்த இடங்களின் அளவீடுகளோடு உங்களுடையதை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் கனிம விகிதம் காரணமா, மணல் துகளின் அளவு காரணமா என்று ஆராய்ந்தால் அந்த ஊர்களில் உள்ள ஆய்வாளர்களும் படிப்பார்கள். அந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாத கட்டுரையை இங்கே அனுப்பினால் 'டெஸ்க் ரிஜெக்‌ஷன்', அதாவது மதிப்பாய்வுக்கே போகாமல் எடிட்டர் மேசையிலிருந்து திரும்புவது, ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் நடந்துவிடும். அப்படித் திரும்புவதால் பெரிய நட்டமில்லை, மூன்று வாரம்தான். மதிப்பாய்வுக்குப் போனால் முதல் முடிவு வர இரண்டிலிருந்து நான்கு மாதம்.

சந்தா வழியில் யார் படிப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டுள்ளன. யு.ஜி.சி.யின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் அதை நடத்துகிறது. உங்கள் கல்லூரி அதில் வருகிறதா என்பதை நூலகரிடம் கேளுங்கள். மேலும் பதிப்பகங்கள் ஆசிரியருக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கின்றன. எல்சவியர், கட்டுரை வெளியானதும் 50 நாள் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இணைப்பு ஒன்றைத் தரும். ஸ்ப்ரிங்கர் சந்தா இதழ்களில், ஏற்கப்பட்ட இறுதிப் பிரதியை 12 மாதம் கழித்து நிறுவனக் களஞ்சியத்தில், அதாவது உங்கள் கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தின் இணையச் சேமிப்பில், வைக்கலாம். அனுப்பும் முன்னரே ப்ரீபிரிண்ட் ஆக, அதாவது மதிப்பாய்வுக்கு முந்தைய பிரதியாகப் பொது இணையதளத்தில், வைக்கவும் பெரும்பாலான அறிவியல் இதழ்கள் அனுமதிக்கின்றன. இயற்பியல், கணிதத்துக்கு 1991 முதல் இருக்கும் ஆர்க்கைவ், உயிரியலுக்கு 2013-இல் வந்த பயோ-ஆர்க்கைவ். குறிப்பிட்ட இதழின் விதியை மட்டும் முன்கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

பணம் போகும் இடம் ஒன்று இந்த வழியிலும் இருக்கிறது. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு ஓர் இணையப் படிவம் வரும். அதில் 'ஓப்பன் அக்சஸ்', 'சந்தா' என்று இரண்டு பொத்தான். ஓப்பன் அக்சஸ் பொத்தான் பளிச்சென்று முதலில் இருக்கும். மகிழ்ச்சியில் அதை அழுத்தினால் அடுத்த மின்னஞ்சலில் இன்வாய்ஸ் வரும். படிவத்தை நிதானமாகப் படித்து, சந்தா வழியைத் தேர்ந்தெடுத்து, பதிப்புரிமை மாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். வண்ணப் படங்கள் பற்றிய கேள்வியும் வரும்: 'இணையத்தில் வண்ணம், அச்சில் கறுப்பு வெள்ளை' என்பதைத் தேர்ந்தால் பெரும்பாலும் கட்டணம் இல்லை. முக்கியமாக, அந்த இதழ் முழு ஓப்பன் அக்சஸாக மாறிவிட்டதா என்று அனுப்பும் முன் பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் மாறியவை பல, மாறிய இதழில் சந்தா என்ற பொத்தானே இருக்காது.

கட்டணம் கட்டும் ஓப்பன் அக்சஸ்

இங்கே நல்ல இதழ்களும் இருக்கின்றன, மோசமானவையும் இருக்கின்றன. வாசகர் எல்லோருக்கும் இலவசம், வெளியீடு வேகம், உரிமை ஆசிரியரிடமே. விலைதான் பிரச்சினை. நன்கு அறியப்பட்ட பொது அறிவியல் இதழ்களில் கட்டணம் 2,000 டாலரைத் தாண்டிவிட்டது; டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலும் 1,70,000 ரூபாய். இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். நாலரை மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரே கட்டுரைக்கு. உதவித்தொகையே இல்லாமல், கௌரவ விரிவுரையாளராகப் பாடம் நடத்திக்கொண்டு ஆய்வு செய்பவரிடம் இதைக் கேட்பது அநியாயம் என்றுதான் சொல்வேன். நேச்சர் இதழ் ஓப்பன் அக்சஸ் வழியை அறிவித்தபோது வைத்த கட்டணம் 9,500 யூரோ. உச்சி எங்கே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

'வளரும் நாடுகளுக்கு விலக்கு உண்டாமே' என்பார்கள். பெரும்பாலான பதிப்பகங்கள் அந்த விலக்குக்கு ரிசர்ச்4லைஃப் என்ற திட்டத்தின் நாட்டுப் பட்டியலைப் பயன்படுத்துகின்றன. இந்தியா அதில் இல்லை. ஆகவே தானாக விலக்கு கிடைக்காது. எடிட்டர் அலுவலகத்துக்கு எழுதி, திட்ட நிதி இல்லை என்பதை விளக்கிக் கேட்க வேண்டும். கேட்கும் நேரம் முக்கியம்: சமர்ப்பிக்கும்போதோ அதற்கு முன்போ கேட்க வேண்டும். ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் பல பதிப்பகங்கள் பரிசீலிக்கவே மாட்டா. எழுத்தில் பதில் வராமல் கட்டுரையை அனுப்பாதீர்கள்.

இன்னொரு இடத்தில் பலர் சிக்குகிறார்கள். சந்தா இதழில் நிராகரித்துவிட்டு, 'எங்கள் சகோதர இதழுக்கு மாற்றட்டுமா, மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டாம்' என்று மின்னஞ்சல் வரும். சோர்ந்திருக்கும் நேரத்தில் அது ஆறுதலாக இருக்கும். அந்தச் சகோதர இதழ் பெரும்பாலும் கட்டண இதழாக இருக்கும். கட்டணப் பக்கத்தைப் பார்க்காமல் சம்மதம் கொடுக்க வேண்டாம்.

ஓப்பன் அக்சஸ் வேண்டும், பணமும் இல்லை என்றால், ஆசிரியரிடமும் வாசகரிடமும் கட்டணம் வாங்காத இதழ்களைத் தேடலாம். டி.ஓ.ஏ.ஜே. என்ற, ஓப்பன் அக்சஸ் இதழ்களின் இலவச இணைய அட்டவணையில் துறையைத் தேர்ந்து, 'கட்டணமற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டால் பட்டியல் கிடைக்கும். சமூக அறிவியலுக்கும் மொழியியலுக்கும் அதில் நல்ல இதழ்கள் உண்டு.

சில ஆயிரத்துக்கு, சில நாளில்

வாட்ஸ்அப் குழுக்களில் வரும் அழைப்புகள் இந்த வகை. மூன்று நாளில் ஏற்பு, ஒரு வாரத்தில் வெளியீடு, சான்றிதழ் இலவசம். வேதியியலும் வணிகவியலும் நாட்டார் வழக்காறும் ஒரே இதழில். மதிப்பாய்வுக்கு முன்பே கட்டணம். கேள்விப்படாத பெயரில் ஓர் 'இம்பாக்ட் ஃபேக்டர்'. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பதைப் பெரிதாகக் காட்டுவார்கள். அது தொடர் வெளியீட்டுக்கு அடையாள எண் மட்டுமே, தரச் சான்று அல்ல.

இதில் தொலைவது பணத்தைவிடத் தரவு. ஒருமுறை வெளியான முடிவுகளை நல்ல இதழுக்கு மறுபடி அனுப்ப முடியாது. இரண்டு பருவமழைக் காலம் தண்ணீரில் நின்று எடுத்த மாதிரிகள் யாரும் மேற்கோள் காட்டாத பக்கத்தில் புதைந்துவிடும். திரும்பப் பெறக் கேட்டால் மறுபடி பணம் கேட்பதும் உண்டு.

'ஸ்கோப்பஸில் போட்டுத் தருகிறோம்' என்ற தரகர்கள் இதைவிட ஆபத்து. ஸ்கோப்பஸ் என்பது தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களின் தரவுத்தளம். சரிபார்க்கும் முறை எளிது. ஸ்கோப்பஸின் இதழ்ப் பட்டியல் பக்கம் இலவசம். பெயரால் தேடாமல் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணால் தேடுங்கள், ஏனென்றால் ஒரே மாதிரி பெயர்கள் ஏராளம். எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டுள்ளது என்ற வரியைப் பாருங்கள். இடையில் நீக்கப்பட்டிருந்தால் அங்கே தெரியும். அதைப் போன்ற இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸுக்கு மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட் இருக்கிறது, அதுவும் இலவசம். 2023 முதல், வளர்ந்துவரும் இதழ்களுக்கான அதன் ஈ.எஸ்.சி.ஐ. பிரிவு இதழ்களுக்கும் இம்பாக்ட் ஃபேக்டர் வருவதால், எந்தப் பிரிவு என்பதைச் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இதழ் இருந்தும் ஏமாறுவது எப்படி? போலி இணையதளம். பழைய, நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் எடுத்து வேறொருவர் தளம் அமைத்துவிடுகிறார். அந்த இதழின் பழைய கட்டுரைகள் இரண்டின் டி.ஓ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிலையான இணைய அடையாளத்தை, சொடுக்கிப் பாருங்கள். நீங்கள் பார்க்கும் அதே தளத்துக்கு வந்து சேர்ந்தால் சரி. வேறு தளத்துக்குப் போனாலோ திறக்கவே இல்லை என்றாலோ விலகிவிடுங்கள்.

கல்லூரிக் கருத்தரங்கத் தொகுப்புகளை இந்த வகையில் சேர்க்க மாட்டேன். முதுகலை மாணவர் முதன்முதலாக எழுதிப் பழகவும், கேள்விகளை எதிர்கொள்ளவும் அவை நல்ல இடம். ஆனால் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு வரும் தொகுப்பு புத்தகம். ஜர்னல் கட்டுரைக் கணக்கில் வராது. முழுத் தரவையும் அங்கே கொடுத்துவிடாமல் சுருக்கம் மட்டும் கொடுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள்

குமரி மாவட்ட வில்லுப்பாட்டு, நெய்தல் வட்டார வழக்கு, கல்வெட்டு என்று ஆய்பவர்களுக்கு ஆங்கில இதழ் ஒன்றே கதி என்றில்லை. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் தமிழியல் போன்ற இதழ்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஆய்வுகளை வெளியிட்டு வந்தவை. பாடல் மூலத்தை முழுதாகக் கொடுத்து ஆராய வேண்டிய கட்டுரை தமிழில்தான் நிற்கும். ஆங்கிலத்துக்கு மாற்றினால் எதுகையும் வட்டாரச் சொல்லும் போய், விளக்கக் குறிப்புகள் மட்டும் மிஞ்சும். கோட்பாட்டு விவாதம் முதன்மையாக இருந்தால் ஆங்கிலம் பரந்த வாசகரைத் தரும். தரவுக் கட்டுரை தமிழில், கோட்பாட்டுக் கட்டுரை ஆங்கிலத்தில் என்று பிரித்து எழுதுவது சிறந்த வழி. ஆனால் இரண்டும் ஒன்றின் மொழிபெயர்ப்பாக இருக்கக் கூடாது.

எழுத்துருவில் கவனம் தேவை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, இதழ் அலுவலகத்தில் குறியீடுகளாகத் திறக்கும். பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் வரிகளைக் கண்டுபிடிக்கும் ஒப்புமைச் சோதனை மென்பொருளும் அதைப் படிக்காது. 0 சதவீதம் என்று வரும் அறிக்கை செல்லாது. 2010 முதல் தமிழ்நாடு அரசின் தரம் யூனிகோடுதான். என்.எச்.எம். கன்வெர்ட்டரால் மாற்றிவிட்டு, கொம்பு, ஔகாரம், கிரந்த எழுத்துகள் ஆகியவற்றை ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். பிழை அங்கேதான் தங்கும்.

எந்த வழியானாலும் தயாரிப்பில் தவறும் இடங்கள்

பெயர். நம் இனிஷியல் அப்பா பெயர். இணையப் படிவம் 'கடைசிப் பெயர்' கேட்கும், ஓர் எழுத்தை ஏற்காது. ஒரு கட்டுரையில் ச. அருள்மேரி, அடுத்ததில் அருள்மேரி சேவியர் என்று போட்டால் தரவுத்தளங்களில் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் தளத்தில் 16 இலக்க எண் வாங்கிவிடுங்கள், இலவசம். நிறுவன முகவரியில் கல்லூரி, ஊர், பின்கோடு, அதன் பின் 'மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அபிஷேகப்பட்டி, திருநெல்வேலி 627012' என்ற வரி வேண்டும். மாவட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் ஒற்றை 'என்' போட்டும் இரட்டை 'என்' போட்டும் எழுதுகிறார்கள். கட்டுரை, வரைபடம், அட்டவணை மூன்றிலும் ஒன்றையே வையுங்கள்.

படங்கள். ஒளிப்படத்துக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற அளவு); கோட்டுப் படத்துக்கு எல்சவியர் 1,000, ஸ்ப்ரிங்கர் 1,200 கேட்கும். ஸ்ப்ரிங்கரில் ஒற்றைப் பத்தியின் அகலம் 84 மி.மீ.; 300 டி.பி.ஐ.க்கு அது ஏறத்தாழ 992 பிக்சல். அதைவிடச் சிறிய படத்தை மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கினால் எண் கூடும், தெளிவு கூடாது. களப் படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். கேமராவின் மூலக் கோப்பையே வாங்குங்கள். நுண்ணோக்கிப் படத்தில் உருப்பெருக்கத்தை எழுதுவதோடு நிற்காமல் அளவுக்கோடு பதித்திருக்க வேண்டும்.

ஒப்புமை. கருத்துத் திருட்டைத் தடுக்கும் யு.ஜி.சி.யின் 2018 விதியில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை முதல் நிலை, 40 முதல் 60 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் பதிவே ரத்தாகலாம். மேற்கோள் பட்டியல், நன்றியுரை, 14 சொற்களுக்குள் வரும் தற்செயல் ஒற்றுமை ஆகியவை கணக்கில் சேராது. இதழ்கள் மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஒரே மூலத்திலிருந்து 5 சதவீதம் வந்தால் அதுவே கேள்வியாகும். ஒரே ஆய்வகத்தின் கட்டுரைகளில் 'செய்முறை' பகுதிதான் திரும்பத் திரும்ப மாட்டும். முந்தைய கட்டுரையை மேற்கோள் காட்டி, மாற்றம் செய்த படிகளை மட்டும் விரிவாக எழுதுங்கள்.

அனுமதிகள். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் மாதிரி எடுத்திருந்தால் வனத்துறை அனுமதி எண். காணிப் பழங்குடி மக்களின் மருத்துவ அறிவைப் பதிவு செய்திருந்தால் முன்கூட்டிப் பெற்ற ஒப்புதல். விலங்கு ஆய்வுக்கும் மனிதர் சார்ந்த ஆய்வுக்கும் நெறிக்குழு எண். டி.என்.ஏ. வரிசைக்கு ஜென்பேங்க் தரவுத்தளத்தின் எண். இவற்றைப் பின்தேதியிட்டு வாங்க முடியாது என்பதால், ஆய்வு தொடங்கும்போதே இதழின் தேவையைப் பார்க்கச் சொல்கிறேன். ஏ.ஐ. கருவியை மொழி திருத்தப் பயன்படுத்தியிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய பதிப்பகங்கள் எல்லாம் கேட்கின்றன, அதை ஆசிரியராகச் சேர்க்க ஒருவரும் அனுமதிப்பதில்லை.

கவர் லெட்டர் 200 சொல் போதும். என்ன கண்டீர்கள், இந்த இதழின் வாசகருக்கு அது ஏன் தேவை, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதி. இதழைப் புகழும் வரிகளை எடிட்டர் தாண்டிப் போய்விடுவார். இருபுறமும் பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால், கோப்பின் பண்புகளில் தங்கியிருக்கும் உங்கள் பெயரையும் அழித்துவிடுங்கள்.

எத்தனை மாதம் வைத்துக்கொள்வது

ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்புவது எங்கும் குற்றம். ஆகவே வரிசை முக்கியம். ஆய்வேடு சமர்ப்பிக்க 18 மாதத்துக்கு மேல் இருந்தால் முதலில் சந்தா வழி இதழ், திரும்பினால் அடுத்த சந்தா இதழ், பிறகு இந்திய இதழ். ஓராண்டுதான் இருக்கிறது என்றால் நேராக இந்திய இதழுக்கோ, முதல் முடிவுக்கான சராசரி நாளைத் தன் பக்கத்தில் வெளியிடும் சந்தா இதழுக்கோ போங்கள். ஆறு மாதம்தான் என்றால், பல்கலைக்கழகம் ஏற்புக் கடிதத்தையே ஏற்குமா என்று கேளுங்கள். பணம் கட்டி வேகம் வாங்கலாம் என்ற ஆசை அப்போதுதான் வலுவாக வரும், அப்போதுதான் அதை மறுக்கவும் வேண்டும். மூன்று மாதம் கழிந்தும் நிலை மாறவில்லை என்றால் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லை என்றால், திரும்பப் பெறுகிறோம் என்று எழுதி, அவர்கள் உறுதி செய்த மின்னஞ்சல் கைக்கு வந்த பிறகே அடுத்த இதழுக்கு.

ஏற்கப்பட்டதும் அச்சுப்படி வரும். பெரும்பாலும் 48 மணி நேரம் தருவார்கள். பெயர், முகவரி, அட்டவணையின் அலகுகள், இனப்பெயரின் சாய்வெழுத்து, ஊர்ப்பெயர்கள் இவற்றை உடன் ஆசிரியர் ஒருவரோடு உரக்கப் படித்துச் சரிபாருங்கள். பிறகு திருத்த வேண்டுமானால் தனிப் பிழைதிருத்த அறிவிப்புத்தான். சந்தா வழியில் போயிருந்தால், ஏற்கப்பட்ட கடைசி வேர்டு கோப்பைத் தேதியோடு தனியாகச் சேமித்து வையுங்கள். 12 மாதம் கழித்துக் களஞ்சியத்தில் ஏற்ற அந்தக் கோப்புத்தான் வேண்டும். பதிப்பகம் வடிவமைத்த பிடிஎஃப்பை ஏற்ற அனுமதி இல்லை.